இத்தாலிய திராட்சைத் தோட்டத்தில் கல்யாணம்: தேதியிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் லண்டனில் வேலை பார்க்கிறீர்கள், இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். டஸ்கனியில் ஒரு ஒயின் பண்ணையில் தாலி கட்டிக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. எழுபது பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் சென்னையிலிருந்து. அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். எந்தப் பகுதி நல்லது, பதிவையும் அங்கேயே முடிக்கலாமா, எதில் பணம் கையைக் கடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டஸ்கனியில் கல்யாண ஏற்பாடு செய்வதுதான் என் வேலை. அதனால் நேராகவே சொல்கிறேன்: செப்டம்பர் கடைசியை விட்டுவிடுங்கள். ஜூன் முதல் பாதிக்கு மாற்றுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

படங்களில் பார்க்கும்போது தோட்டம் நமக்காகக் காத்திருப்பது போலத் தெரியும். ஆனால் அது ஆண்டு முழுக்க விவசாயம் நடக்கிற இடம். நம் கல்யாணம் அந்த வேலைக்கு நடுவே நுழைகிறது. டஸ்கனியின் முக்கியமான திராட்சை சாஞ்சோவேசே. அதன் அறுவடை பொதுவாகச் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை போகும். சரியாக எந்த நாளில் பறிப்பது என்பதை அந்த வருடத்து வெயிலும் மழையும்தான் முடிவு செய்யும். ஓராண்டுக்கு முன்பே எந்தப் பண்ணைக்காரராலும் உறுதி சொல்ல முடியாது. அறுவடை தொடங்கிவிட்டால் விடியற்காலையிலேயே டிராக்டர் ஓட ஆரம்பிக்கும். நீங்கள் மணமேடை போட நினைத்த முற்றத்தில் பழப்பெட்டிகள் வந்து இறங்கும். சாறு புளிக்கும் வாசனைக்குக் குளவிகள் வரும். வருடம் முழுவதும் உழைத்த பயிரை வீடு சேர்க்கிற வாரத்தில் பண்ணைக்காரர்கள் உங்கள் மேசை விரிப்பின் நிறத்தைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கவே மாட்டார்கள். சில பண்ணைகள் அந்த நாட்களில் கல்யாணத்துக்கு இடமே தருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். சென்னையிலிருந்து வரப்போகிற பெரியவர்களில் ஒருவராவது கேட்கத்தான் போகிறார், ‘புரட்டாசியிலா முகூர்த்தம்?’ என்று. அறுவடையும் புரட்டாசியும் ஏறக்குறைய ஒரே நாட்களில் விழுகின்றன. இரண்டையும் ஒருசேரத் தவிர்த்துவிடலாம்.

ஏப்ரலில் போனால் கொடி அப்போதுதான் துளிர்த்திருக்கும். படத்தில் கம்பியும் கட்டையும்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பட்டுப்புடவையும் வேட்டியுமாக மதியம் வெளியே உட்கார முடியாது. அதில் பாதி ஆடி மாதம் வேறு. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதைச் சுற்றி இரண்டு வாரம் பூக்காரர் முதல் தையல்காரர் வரை பலரும் கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் தீ. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டஸ்கனியில் காட்டிலும் வயலிலும் தீ மூட்டத் தடை இருக்கும். வறட்சியான ஆண்டுகளில் அதை நீட்டிப்பார்கள். ஹோமம் வளர்க்கப் போகிற நமக்கு இது முக்கியம். ஜூனிலும்கூட ஹோம குண்டத்துக்குப் பண்ணையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல் தரையில் வைக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். இரண்டும் நியாயம்தான்.

மே கடைசியும் ஜூனும் நமக்கு வைகாசி, ஆனி. அப்போது கொடியில் இலை முழுதாக வந்திருக்கும், பல இடங்களில் வரிசையின் முனையில் நட்ட ரோஜா பூத்திருக்கும். தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்குப் பக்கம் கோதுமை பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். அறுவடைக்குப் பிறகு அதே நிலத்தை உழுது போட்டுவிடுவார்கள். செப்டம்பரில் போகிறவர்களுக்கு வெறும் பழுப்பு மண்தான் கிடைக்கும். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். இருட்டியதும் கொடிகளுக்கு நடுவே மின்மினிப் பூச்சிகள் பறக்கும், எந்தச் சரவிளக்கும் அதற்கு ஈடாகாது.

ஜூனில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மழை பெய்துவிட்டால் பூஞ்சை வராமல் இருக்கக் கொடிகளுக்குச் செம்பு கலந்த மருந்து தெளிப்பார்கள். இலையில் நீலப்பச்சைத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். புகைப்படக்காரர் கொடி வரிசைக்குள் உங்களை நடக்கச் சொல்வார். அரக்குப் பட்டின் முந்தானை இலையில் உரசினால் கறை வரும். கல்யாணத்துக்கு முந்தைய சில நாட்களில் எந்தத் துண்டில் தெளிக்கப் போகிறார்கள் என்று பண்ணை மேலாளரிடம் கேட்டு, தெளிக்காத பகுதியில் படம் எடுங்கள். கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

விராட் கோலி, அனுஷ்கா ஷர்மா கல்யாணத்தைப் பார்த்துவிட்டு டிசம்பரில் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 2017 டிசம்பர் 11 அன்று சியெனாவுக்குத் தெற்கே போர்கோ ஃபினொக்கியேத்தோ என்ற சிறு கிராமத்தில் நடந்தது. முடியும். ஆனால் அப்போது கொடியில் இலை இருக்காது, மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், எல்லாமே பூப்பந்தலையும் உள்ளரங்கையும் நம்பித்தான். தோட்டத்துக்காகப் போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இனி இடம். உங்களுக்கு என் தேர்வு கியாந்தி கிளாசிக்கோ, அதாவது ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள குன்றுகள். கிரேவே, ராதா, காயோலே, காஸ்தெல்லீனா என்ற ஊர்களைச் சுற்றித் தேடுங்கள். வெறும் ‘கியாந்தி’ என்று எழுதியிருப்பதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். இந்தப் பழைய பகுதிக்கு 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மேதிச்சி எல்லை வகுத்துவிட்டார். ஆனால் கியாந்தி என்ற பெயரில் ஒயின் செய்ய இன்று அனுமதி உள்ள பரப்பு அதைவிட மிகப் பெரியது. பீசா பக்கமும் போகும், அரேத்சோ பக்கமும் போகும். ‘கியாந்தி மலையில் வில்லா’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனால், நீங்கள் மனத்தில் வைத்திருந்த குன்றுகளிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அது இருக்கக்கூடும். வரைபடத்தில் ஊர் பெயரைப் பாருங்கள். அந்தப் பண்ணையின் பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிக்கோ ஒயின்.

வால் தோர்ச்சா அழகில் ஒரு படி மேல். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நிலப்பரப்பு. மொந்தால்சீனோவின் புருனெல்லோவும் மொந்தேபுல்சானோவின் வீனோ நோபிலேவும் அந்தப் பக்கத்தின் புகழ்பெற்ற ஒயின்கள். ஆனால் ஃப்ளாரன்ஸ், ரோம் எங்கிருந்து வந்தாலும் சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து ஓரிடத்தில் விமானம் மாறி வந்து இறங்குகிற தாத்தா பாட்டிகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிது. இருபது பேர் கல்யாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள் என்பேன்.

வடக்கே பியட்மான்ட்டில் லாங்கே குன்றுகள் இருக்கின்றன, பரோலோவும் பார்பரெஸ்கோவும் விளையும் இடம். அங்கே முக்கியத் திராட்சையான நெபியோலோவைப் பெரும்பாலும் அக்டோபரில்தான் பறிப்பார்கள். ஆவணி முகூர்த்தம்தான் வேண்டும், செப்டம்பர் முதல் பத்து நாளில்தான் முடியும் என்றால் அங்கே பாருங்கள். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டில் பச்சைக் கன்றுக்கறி, டூனா சாஸ் போட்ட கன்றுக்கறி, நெத்திலி போட்ட பாஞா காவ்தா என்ற சூடான சாஸ் என்றுதான் வரிசை தொடங்கும். பாதிப் பேர் சைவம் என்றால் மெனு போடுவதே தனி வேலையாகிவிடும்.

எந்தப் பண்ணையைப் பார்த்தாலும் நேரில் ஒருமுறை போங்கள். போகும்போது காரில் அல்லாமல் விருந்தினரின் பஸ்ஸில் போவதாக நினைத்துக்கொண்டு பாதையைப் பாருங்கள். நல்ல பண்ணைகள் பலவும் ‘ஸ்த்ராதா பியாங்கா’ எனப்படும் வெள்ளைச் சரளை மண் சாலையில், கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிற இடத்தில் இருக்கும். 50 பேர் உட்காரும் பஸ் அதில் திரும்பவே முடியாது. சிறிய வண்டிகள் இரண்டு மூன்று வைத்து ஓட்ட வேண்டும். அப்புறம், விருந்தினர் தாங்களே கார் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். இத்தாலியில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. மேலும் ஃப்ளாரன்ஸ், சியெனா இரண்டின் பழைய நகரப் பகுதிக்கும் வெளியார் கார் நுழையத் தடை. கேமரா பிடித்து, மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் பாலியோ குதிரைப் பந்தயம். அதை ஒட்டி அறை தேடுவது வீண்.

எழுபது பேரும் ஒரே இடத்தில் தங்கும் பண்ணை அரிது. முப்பது பேர் தங்க இடமிருந்தால் பெரியவர்களையும் நெருங்கிய சொந்தங்களையும் உள்ளே வையுங்கள், மற்றவர்கள் அருகிலுள்ள ஊரில் தங்கட்டும். கோடையில் பல வில்லாக்கள் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் வாடகைக்குத் தருவார்கள். நமக்கு அது நல்லதே. மெஹந்திக்கும் நலங்குக்கும் தனி இடம் தேட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சில வரிகளை நிதானமாகப் படியுங்கள். முதலாவது முன்பணம். அதைக் ‘கபாரா கொன்ஃபிர்மத்தோரியா’ என்று எழுதியிருந்தால், நீங்கள் பின்வாங்கினால் பணம் திரும்ப வராது. அவர்கள் பின்வாங்கினால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். இத்தாலிய சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவு இது. ‘அக்கோந்தோ’ என்று மட்டும் இருந்தால் அது மொத்தத் தொகையின் ஒரு பகுதிதான், அந்த இரட்டிப்புப் பாதுகாப்பு கிடையாது. நமக்கு முதலாவதே மேல். இரண்டாவது வரி ஐவிஏ எனப்படும் வரி. விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் வரி சேர்க்காமல் வரும். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் 10 சதவீதம், அலங்காரம், ஒலி, ஒளி, திட்டமிடுபவர் சம்பளம் ஆகியவற்றுக்கு 22 சதவீதம். வரியைச் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை. மூன்றாவது, இசை. நாதஸ்வரமோ டிஜேயோ எதுவானாலும் எஸ்ஐஏஇ என்ற உரிமைச் சங்கத்துக்குக் கட்டணம் கட்டி முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதை யார் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். திறந்தவெளியில் எத்தனை மணிக்கு ஒலி நிற்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் நள்ளிரவுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். மழை வந்தால் எழுபது பேரையும் உட்கார வைக்கும் உள்ளரங்கைக் கண்ணால் பாருங்கள். ‘கூடாரம் போட்டுக்கொள்ளலாம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், கூடார வாடகை உங்கள் தலையில்தான் விழும்.

முகூர்த்தம் குறிக்கும் விஷயத்தில் பலர் கவனிக்காதது ஒன்று. சென்னைப் பஞ்சாங்கத்தின் நேரத்தை அப்படியே கடிகார வித்தியாசத்துக்குக் கழித்துக்கொள்ள முடியாது. ராகுகாலம் பகல் பொழுதின் எட்டில் ஒரு பங்கு. ஜூன் நடுவில் ஃப்ளாரன்ஸில் காலை ஐந்தரை மணி வாக்கில் சூரியன் உதித்து இரவு ஒன்பதுக்கு மறைகிறது. பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். ராகுகாலமே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நீளும். அந்த ஊருக்கே கணித்துத் தரச் சொல்லி உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒரு முகூர்த்தம் கிடைத்தால் வேலை எளிது. ஏழரை என்றால் மேடை அலங்காரத்தை முந்தைய இரவே முடிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரும். தாலி கட்டியதும் காலைப் பந்தி, மதியம் எல்லாருக்கும் தூக்கம், மாலை ஆறு மணிக்கு மேல் இத்தாலிய முறையில் அபெரிதீவோவும் (விருந்துக்கு முந்தைய பானமும் சிற்றுண்டியும்) விருந்தும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்கும் வெயிலுக்கும் இந்த அமைப்பு நன்றாக ஒத்துப்போகிறது.

சாப்பாட்டில் சைவக்காரர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இத்தாலிய கேட்டரருக்குச் ‘சைவம்’ என்றால் கறியும் மீனும் இல்லாதது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி சேர்கிறது, அது அந்தச் சீஸின் விதியிலேயே உள்ளது. அதைத் துருவிப் போட்ட பாஸ்தாவைச் சைவம் என்றே பரிமாறுவார்கள். உங்கள் மாமியார் வீட்டில் இதைப் பார்ப்பவர்கள் இருந்தால், தாவர நொதியில் செய்த சீஸ் மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். சூப்பிலும் ரிசோத்தோவிலும் இறைச்சிச் சாறு இல்லாமல் செய்யவும் சொல்லுங்கள். டஸ்கனி சமையலிலேயே நமக்கு நிறைய இருக்கிறது. வெள்ளைப் பீன்ஸும் கருங்கோசும் வேகவைத்த ரிபொல்லீத்தா, தக்காளியில் ரொட்டி ஊறிய பாப்பா அல் பொமொதோரோ, பூண்டும் தக்காளியும் சேர்ந்த சாஸ் போட்ட தடிமனான பீச்சி பாஸ்தா. பூண்டும் தக்காளியும் பிடித்தவர்களுக்கு அந்தப் பீச்சி உடனே ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர் ரொட்டியில் உப்பு போடமாட்டார்கள், முன்பே சொல்லி வையுங்கள். காலைப் பந்திக்கு இட்லி, பொங்கல் வேண்டும் என்றால் இந்தியச் சமையல்காரர்களை மிலானிலிருந்தோ ரோமிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். பண்ணையின் சமையலறையில் வெளி ஆட்களை விடுவார்களா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள்.

ஒயினைப் பண்ணையிடமிருந்தே வாங்குங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்தால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு, தவிர அவர்கள் மண்ணில் உட்கார்ந்து வேறொருவர் ஒயினைக் குடிப்பது மரியாதையும் ஆகாது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை ஏற்காதீர்கள். குடிக்கிறவர்களுக்கு ஆளுக்கு அரை பாட்டில் போதும். உங்கள் எழுபது பேரில் முப்பது பேர் தொடவே மாட்டார்கள். திறந்த பாட்டிலுக்கு மட்டும் பணம் என்று பேசுங்கள்.

செலவைப் பற்றி: ஒயின் நீங்கலாக அபெரிதீவோவும் நான்கு சுற்று விருந்தும் சேர்த்து நல்ல கேட்டரர்கள் தலைக்கு 130 முதல் 200 யூரோ வரை கேட்கிறார்கள். இடத்தின் வாடகை சில ஆயிரத்தில் தொடங்கி, பெயர்பெற்ற கோட்டைகளில் பல மடங்கு ஏறும். பணத்தைச் சேமிக்க வேண்டுமானால் சனிக்கிழமையை விட்டு வியாழனுக்கு மாற்றுங்கள். பூவைக் குறையுங்கள். ஜூனில் அந்தக் குன்றுக்கு முன்னால் பூ அலங்காரம் பெரிதாக எடுபடாது. பஸ்ஸிலும் உள்ளரங்கிலும் குறைக்காதீர்கள்.

பதிவு விஷயத்தில் என் யோசனை: லண்டனிலேயே முடித்துவிட்டு வாருங்கள். இத்தாலியில் பதிவுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் நமக்கு அதனால் கிடைப்பது குறைவு. அங்கே செய்வதாக இருந்தால் இருவரும் உங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து, 28 நாள் காத்திருந்து, தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். வழக்கறிஞர் முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தர வேண்டும். இரண்டுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக அபோஸ்தில் முத்திரை, சான்றிதழுக்கு இத்தாலிய மொழிபெயர்ப்பு. பிறகு அங்குள்ள கொமூனே, அதாவது நகராட்சி அலுவலகத்தில் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். சடங்கை மேயரோ அவர் நியமித்தவரோதான் நடத்துவார். சிவில் சட்டத்தின் 143, 144, 147 பிரிவுகளை வாசிப்பார். இரண்டு சாட்சிகளும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். நகராட்சி அதற்கென்று அங்கீகரித்த இடத்தில் மட்டுமே நடக்கும், எல்லாப் பண்ணைக்கும் அந்த அங்கீகாரம் இல்லை. உங்களைப் போலன்றி மணமக்களில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் ரோம் தூதரகத்திலோ மிலான் துணைத் தூதரகத்திலோ ‘நுல்லா ஓஸ்தா’ எனப்படும் தடையில்லாக் கடிதம் வாங்கி, அதை அங்குள்ள பிரெஃபெத்தூரா என்ற மாவட்ட அரசு அலுவலகத்தில் உறுதி செய்ய வேண்டியிருக்கும். இவற்றுக்குப் பதிலாக லண்டனில் ஒரு காலைப்பொழுதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பண்ணையில் எந்த மரத்தடியில் வேண்டுமானாலும், உங்கள் முகூர்த்தத்தில் தாலி கட்டலாம்.

சென்னை விருந்தினருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டமாகும். ஜூன் கல்யாணம் என்றால் ஜனவரியிலேயே அழைப்பிதழும் தங்குமிடச் சான்றும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்தாமல் கூடுதலாகவே எடுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் பாட்டில் கொண்டுபோவது பற்றி. தாம்பூலப் பையில் பண்ணையின் சிறு பாட்டில் ஆலிவ் எண்ணெய் வைத்தால் குடிக்காதவர்களுக்கும் பயன்படும், கைப்பையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒயினில், லண்டன் திரும்புகிறவர்கள் தலைக்கு 18 லிட்டர் வரை வரியில்லாமல் எடுத்துப் போகலாம். சென்னைக்கு 2 லிட்டர்தான், அதாவது இரண்டு பாட்டில். ஊருக்குக் கொண்டுபோக வாங்கும் பெட்டிகளை லண்டன் திரும்புகிறவர்களிடமே பிரித்துக் கொடுங்கள்.